டிக்காலில் அப்பாவும் சப்போட்டா மரமும்

முதல் நாள்: ஃபுளோரெஸ்

குவாத்தமாலா நகரத்திலிருந்து கிளம்பிய சிறிய விமானம் ஒரு மணி நேரத்தில் எங்களைப் பெட்டேன் மாநிலத்தில் இறக்கிவிட்டது. நிலையத்துக்கு வெளியே வெயிலில் வரிசையாக நின்றவை சிவப்பு நிற பஜாஜ் ஆட்டோக்கள். அப்பா ஒரு வண்டியின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நெடுநாள் பழகியவரைப் பார்ப்பதுபோல ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தார். அவரும் தலையசைத்தார். அந்த வண்டியிலேயே ஏறிக்கொண்டோம்.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கத்தில் நாற்பத்தைந்து ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். பழைய வீடுகளின் நிலைகளையும் தூண்களையும் உத்திரங்களையும் பழுது பார்ப்பதில் பெயர் வாங்கியவர். இப்போது எழுபத்தொரு வயது. ஹூஸ்டனில் என்னோடு மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார். ஒரு நாள், மத்திய அமெரிக்காவின் தொல்குடிகளான மாயர்களின் பழைய நகரம் டிக்காலில் உள்ள கோயில் ஒன்றின் படத்தை அவரிடம் காட்டினேன். அதன் உயரத்தையோ அழகையோ பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"வாசலுக்கு மேலே என்ன போட்டிருக்கிறார்கள்? கல்லா, மரமா?" என்றார்.

தேடிப் படித்துச் சொன்னேன். "மரம்தான் அப்பா. சப்போட்டா மரம்."

"சப்போட்டாவா? நாம் பழம் தின்கிற சப்போட்டாவா?"

அதேதான். மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் உரிய மரம் அது. அங்குள்ள நஹுவா மக்களின் மொழியில் ‘த்சப்போட்ல்’ என்ற சொல், ஸ்பானியர் வாயில் சப்போட்டே ஆகி, கடல் தாண்டி நம்மிடம் சப்போட்டாவாக வந்து சேர்ந்தது. அப்பா அன்று இரவு வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் காலையில், "அந்த மரத்தில் நான் உளி வைத்ததே இல்லையம்மா. பார்க்க வேண்டும்" என்றார். இந்தப் பயணம் அப்படித்தான் முடிவாயிற்று.

ஃபுளோரெஸ், பெட்டேன் இட்சா ஏரிக்குள் இருக்கும் ஒரு சின்னத் தீவு. கரையிலுள்ள சாந்தா எலேனாவோடு ஒரு பாலம்போன்ற சாலை அதை இணைக்கிறது. சாவகாசமாக நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடலாம். வண்ணம் பூசிய வீடுகள், உணவகங்கள், ஏரியில் குதித்து விளையாடும் பிள்ளைகள். பார்த்தால் விடுமுறை ஊர். ஆனால் இந்தத் தீவுதான் நொஹ்பெட்டேன், இட்சா மாயர்களின் தலைநகரம். 1525இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்ட்டெஸ் இந்த வழியாகப் போனபோது நொண்டிய குதிரை ஒன்றை இங்கே விட்டுச் சென்றார். குதிரையையே கண்டிராத மக்கள், அது இறந்தபின் அதன் உருவத்தைச் செய்து வைத்து வணங்கினார்கள். 1618இல் வந்த பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் அதைக் கண்டு கொதித்து, உடைத்துப்போட்டார். தீவு ஸ்பானியர் கைக்குப் போனது 1697 மார்ச் 13ஆம் தேதி. கோர்ட்டெஸ் வந்துபோய் 172 ஆண்டுகள் கழித்து! மாயர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மாயமாய் மறைந்தார்கள் என்று நானும் பள்ளிப் பருவத்தில் எங்கோ படித்திருந்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பதை இந்தத் தீவின் கரையில் உட்கார்ந்துதான் உணர்ந்தேன்.

இரவு உணவுக்கு ஏரிக்கரைக் கடை ஒன்றில் இடம் கேட்டபோது, பரிமாறும் பெண் கைகாட்டி "மேசா" என்றாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "மேசை என்றா சொன்னாள்?" ஆமாம் அப்பா, மேசைதான். நமக்கு அதைப் போர்ச்சுகீசியர் தந்தார்கள், இவர்களுக்கு ஸ்பானியர். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துத் தட்டிய தோர்த்தியாவும் கறுப்பு பீன்ஸும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். வண்டி விடியற்காலை நாலரைக்கு.

இரண்டாம் நாள்: டிக்கால்

இருட்டில் புறப்பட்ட வேன், ஒன்றரை மணி நேரத்தில் பூங்காவின் வாயிலை அடைந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டி, வெளிநாட்டவருக்கு 150 கெட்சால் என்று டிக்கெட் வாங்கினோம். டிக்கால் 1955 முதல் தேசியப் பூங்கா. 1979இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, இடிபாடுகளுக்கு மட்டும் அல்லாமல் காட்டுக்கும் சேர்த்தே அந்தத் தகுதியைக் கொடுத்தது. உள்ளே நுழைந்தவுடன் அதன் நியாயம் புரிந்துவிடுகிறது. கட்டடம் எதுவும் கண்ணில் படுமுன்பே காடு காதைப் பிடித்துக்கொள்கிறது. மர உச்சியில் எங்கோ ஊளைக் குரங்குகள். பெயர்தான் ஊளை. வருவது புலி உறுமல்போன்ற ஒலி. அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். மாயர்களில் கெக்சி இனத்தவர். வீட்டில் கெக்சி, பள்ளியில் ஸ்பானியம், தொழிலுக்கு ஆங்கிலம். அவர் குடும்பத்துக்கு ஆல்ட்டா வெராபாஸ் மலைகளில் ஏலக்காய்த் தோட்டம் இருந்ததாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்த ஏலக்காய்தான் இன்று குவாத்தமாலாவை உலகின் முதன்மையான ஏலக்காய் ஏற்றுமதி நாடாக ஆக்கியிருக்கிறது. நாங்கள் தமிழ்நாடு என்றவுடன், "உங்கள் ஏலக்காய் எங்களிடம், எங்கள் மிளகாய் உங்களிடம்" என்று கைகுலுக்கினார். அப்பா தச்சர் என்று நான் சொன்னதும் அவர் குரலில் ஒரு மரியாதை கூடியது. அப்போதிலிருந்து அவரை ‘மாஎஸ்த்ரோ’ என்றே அழைத்தார். இந்த நாட்டில் கொத்தனாரையும் தச்சரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அப்பாவின் காதில் அது ‘மேஸ்திரி’ என்றே விழுந்தது. தவறும் இல்லை, இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

பாதையில் ஒரு பிரம்மாண்டமான மரத்தின் அடியில் நின்றோம். சேய்பா, குவாத்தமாலாவின் தேசிய மரம். மாயர்களுக்கு அது பாதாளத்தையும் பூமியையும் வானத்தையும் இணைக்கும் உலக மரம். அப்பா தலையை உயர்த்தி, பட்டையைப் பார்த்து, கிளை பிரியும் விதத்தைப் பார்த்து, "இது இலவ மரம்" என்றார். ஆமாம், நாம் தலையணைக்குப் பஞ்சு எடுக்கும் அதே இலவம். வழிகாட்டியிடம் சொன்னேன். அவர், தன் பாட்டியும் தலையணைக்கு அந்தப் பஞ்சைத்தான் அடைத்தாள் என்றார்.

முதலில் பார்த்தது கியூ தொகுதி. உச்சி தட்டையான இரண்டு பிரமிடுகள் கிழக்கிலும் மேற்கிலுமாக எதிரெதிரே நிற்கின்றன. ஒரு கத்துன் முடிந்ததைக் கொண்டாடக் கட்டியவை. கத்துன் என்பது 7,200 நாள், ஏறக்குறைய இருபது ஆண்டு. அதற்காகவே இத்தனை பெரிய கட்டடம்! வடக்கே ஒரு சிறிய மதிலுக்குள், மன்னர் கையிலிருந்து எதையோ தூவும் உருவம் செதுக்கிய நடுகல். அதிலுள்ள நாள் மாய நாட்காட்டிப்படி 9.17.0.0.0, நம் கணக்கில் கி.பி. 771. மாயர்கள் இருபதின் மடங்குகளில் எண்ணினார்கள். புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பிபோன்ற வடிவம் சுழியம்.

எழுத்தைப் பற்றி வழிகாட்டி சொன்னதைத் தமிழர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. மாய எழுத்துகளில் ஒரு பகுதி முழுச் சொல்லைக் குறிக்கும். இன்னொரு பகுதி நம் உயிர்மெய் போன்றது. ‘க’வுக்கு மீன் வடிவம். இரண்டு மீனும் ஒரு ‘வ’வும் எழுதினால் க-க-வ. கடைசி உயிரை விட்டுவிட்டு ‘ககவ்’ என்று படிக்க வேண்டும். அதுதான் கொக்கோ! 1952இல் யூரி க்னோரோசோவ் என்ற ரஷ்ய அறிஞர் இந்த வழியைக் கண்டு சொன்னபோது பெரியவர்கள் பலர் ஏற்கவில்லை. இன்று பெரும்பாலான கல்வெட்டுகளைப் படிக்க முடிகிறது. 1562இல் மானி என்ற ஊரில் தியேகோ தே லாந்தா என்ற துறவி மாயர் நூல்களைக் குவித்து எரித்தார். உலகில் இன்று எஞ்சியிருக்கும் மாய ஏடுகள் நான்கே நான்கு. வழிகாட்டி இதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை, அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏடு எரிந்தவர்களின் துயரம் என்னவென்று எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்து நான்காம் கோயில். ஏறத்தாழ 65 மீட்டர், டிக்காலில் இதுவே உயரம். பக்கவாட்டில் மரப் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். அப்பாவைக் கீழேயே உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை. இருபது படிக்கு ஒருமுறை நின்று, கைப்பிடியின் இணைப்பைப் பார்க்கிறவர்போல மூச்சு வாங்கிக்கொண்டு, ஏறிவிட்டார். மேலே போனால் பச்சைக் கடல். அதற்கு மேல் மூன்று கல் முகடுகள்: ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் கோயில்கள். வேறு எதுவும் இல்லை, அடிவானம் வரை காடு. அந்தக் காட்டுக்கு அடியிலும் நகரங்கள்தான். விமானத்திலிருந்து லேசர் கதிர் செலுத்தி வடக்கு குவாத்தமாலாவில் சுமார் 2,100 சதுர கிலோமீட்டரை அளந்தபோது, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் தெரிந்ததாக 2018இல் அறிவித்தார்கள்.

அப்பா காட்சியைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு திரும்பிக் கோயிலின் வாசலைப் பார்த்தார். கயிறு கட்டி மறித்திருந்தார்கள்.

"மேலே இருந்தது எங்கே?"

வழிகாட்டி சொன்னார். இந்தக் கோயிலைக் கி.பி. 741 வாக்கில் கட்டியவர் யிக்கின் சான் கவீல் என்ற மன்னர். வாசல்களுக்கு மேலே சப்போட்டா உத்திரங்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பதித்து, அடிப்பக்கத்தில் தன் வெற்றிகளைச் செதுக்கச் செய்தார். கோயிலுக்குள் போகிறவர் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். 1877இல் குஸ்டாவ் பெர்னூய்யி என்ற சுவிஸ் மருத்துவரின் ஏற்பாட்டில் அவை இறக்கப்பட்டுக் கப்பலேறின. ஊர் திரும்பும் வழியிலேயே அவர் இறந்துபோனார். உத்திரங்கள் இன்றும் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

"1877 வரை இங்கேயே இருந்ததா? இந்த மழையில், இந்தக் கரையான் காட்டில்?"

"இருந்தது, மாஎஸ்த்ரோ."

"ஆயிரத்து நூறு வருஷம்" என்றார் அப்பா. பிறகு, "எதால் வெட்டினார்கள்?" என்றார். இரும்பு இல்லை. கருங்கல்லைப்போல் கடினமான தீக்கல்லும் எரிமலைக் கண்ணாடியும்தான் கருவி. இழுக்க மாடு இல்லை, குதிரை இல்லை. அப்பா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நான் கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன்.

இறங்கும் வழியில்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு நடந்தது. 2009இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி வழிகாட்டி சொன்னார். டிக்காலின் கோயில்களிலும் அரண்மனைகளிலும் உள்ள உத்திரங்களைத் தாவரவியலாளர்கள் சோதித்தார்கள். தொடக்கத்தில் எல்லாம் நல்ல பருமனான, நேரான சப்போட்டா. 741க்குப் பிறகு கட்டியவற்றில் சாயம் எடுக்கும் வேறொரு மரம் வருகிறது. முடிச்சும் கோணலுமான மரம், செதுக்கவே ஆகாது. 810 வாக்கில் கட்டிய மூன்றாம் கோயிலில் மறுபடி சப்போட்டா, ஆனால் சிறுத்த மரம். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்:

"காட்டில் பெரிய மரம் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான்."

வழிகாட்டி நின்றுவிட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டார். அப்பா சொன்னது இது. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசாரி, வீட்டுக்குள் நுழைந்து உத்திரத்தைப் பார்த்தே அது கட்டிய காலத்தைச் சொல்லிவிடுவாராம். பர்மாத் தேக்கு தாராளமாக வந்த காலத்து வீட்டில் ஒரே மரத்தில் முழு உத்திரம். போர் வந்து கப்பல் நின்ற பிறகு கட்டியதில் பருமன் குறையும், இணைப்பு கூடும், தேக்கு இருந்த இடத்தில் வேறு மரம் உட்காரும். "பணம் இருந்திருக்கும். ஆசையும் இருந்திருக்கும். மரம் இருந்திருக்காது." வழிகாட்டி இதை ஸ்பானியத்தில் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆய்வாளர்கள் 135 உத்திரங்களைச் சோதித்துக் கண்டதை அப்பா படியிறங்கும் நேரத்தில் சொன்னார் என்பதில் எனக்கு உண்டான பெருமையை மறைக்க விரும்பவில்லை.

பெருஞ்சதுக்கத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கிழக்கே ஒன்றாம் கோயில், 47 மீட்டர். அதன் அடியில்தான் ஹசாவ் சான் கவீல் மன்னரின் கல்லறை. அவர் 682இல் அரியணை ஏறும்போது டிக்கால் தலைகுனிந்திருந்த நகரம். 562இல் தோற்றதிலிருந்து சுமார் 130 ஆண்டு இங்கே தேதியிட்ட கல் எதுவும் நாட்டப்படவில்லை. 695இல் அவர் பரம எதிரி நகரமான கலாக்முல்லை வென்றார். எதிரே மேற்கில் இருப்பது இரண்டாம் கோயில், அவர் மனைவிக்காகக் கட்டியது. ஒன்றாம் கோயிலில் ஏற அனுமதி இல்லை. அந்த வாசலுக்கு மேலும் செதுக்கிய சப்போட்டாதான் இருந்தது. அதில் கலாக்முல் வெற்றி பொறிக்கப்பட்டிருந்தது. அந்த மரத்தின் ஒரு துண்டைக் கரிமக் கதிரியக்க முறையில் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். மரம் வெட்டப்பட்டது 658க்கும் 696க்கும் இடையே. மாய நாட்காட்டியை நம் நாட்காட்டியோடு சரியாகத்தான் பொருத்தியிருக்கிறோமா என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக விவாதித்துவந்த கேள்விக்கு, ஒரு சப்போட்டா மரம் சாட்சி சொல்லிவிட்டது.

சதுக்கத்தின் நடுவே வட்டமான ஒரு பலிபீடத்தில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. கோப்பால் என்ற மரப் பிசினின் மணம். நம் சாம்பிராணிக்கு மிக நெருங்கிய மணம். மாயர்கள் இன்றும் இங்கே வந்து வழிபாடு செய்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர், "மாயர்கள் ஏன் மறைந்தார்கள்?" என்று கேட்டார். வழிகாட்டி சற்றும் கோபப்படாமல், "இந்த நகரத்தை விட்டுப் போனோம். மறையவில்லை. நான் உங்கள் முன் நிற்கிறேன்" என்றார். டிக்காலின் கடைசித் தேதியிட்ட கல் 869ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதுவும் இதே சதுக்கத்தில்தான் நிற்கிறது. வறட்சி, ஓயாத போர், கெட்டுப்போன தண்ணீர் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். இங்கே ஆறு கிடையாது. சுண்ணம் பூசிய தளங்களைச் சாய்வாக அமைத்து, மழைநீர் முழுவதையும் குளங்களுக்கு ஓடவிட்டார்கள். ஒரு குளத்தில் சியோலைட் என்ற கனிமத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டு நீரை வடிகட்டியிருக்கிறார்கள். அரண்மனையை ஒட்டிய குளத்து மண்ணிலோ பாதரசம் இருந்தது. சுவருக்குப் பூசிய சிவப்புச் சாயம் மழையில் கரைந்து இறங்கியதுதான் காரணம் என்று கருதுகிறார்கள்.

கடைசியாக நடு அக்ரோபோலிஸ் என்ற அரண்மனைத் தொகுதி. குறுகலான அறைகள், மேலே போகப் போக ஒவ்வொரு கல்லையும் சற்றே உள்ளே நீட்டி முடித்த கூரை. வழிகாட்டி அப்பாவை மட்டும் தனியே கூப்பிட்டு ஓர் அறை வாசலில் நிறுத்தி, மேலே காட்டினார். பழைய மரம். மாற்றாத, அன்று வைத்த மரம்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தொடக்கூடாது என்று நான் சொல்லுமுன்பே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "வெளுப்பு துளிகூட இல்லை. முழுக்க வைரம்" என்றார். "ஓரம் எடுத்திருப்பதைப் பார். அவசரப்படவே இல்லை அவன்."

மூன்றாம் நாள்: சாந்தா எலேனா

காலையில் சந்தைக்குப் போனோம். ஒரு பாட்டி சிக்கோ என்று விற்ற பழம், நம் சப்போட்டாவேதான். அப்பா நான்கு வாங்கினார். இந்த மரத்தின் பாலிலிருந்துதான் ஒரு காலத்தில் உலகத்துக்கே சூயிங்கம் செய்தார்கள். பட்டையைக் குறுக்குமறுக்காகக் கீறிப் பால் இறக்கியவர்கள் காடு முழுக்கத் திரிந்தார்கள். பல இடிபாடுகளை வெளியாருக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான். நேற்று காட்டில் பார்த்த சப்போட்டாக்களின் உடம்பில் அந்தக் கீறல் தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

பழத்தைத் தின்றபடி அப்பா சொன்னார்: "இரவு முழுக்க யோசித்தேன். நம் ஊரில் சப்போட்டாவைப் பாலை நாற்றில்தான் ஒட்டுக் கட்டுவார்கள். பாலைக் கட்டையில் உலக்கை செய்திருக்கிறேன். அதே சாதி மரமாகத்தான் இருக்க வேண்டும்." தேடிப் பார்த்தேன். இரண்டும் ஒரே பேரினம்.

சந்தைக்குப் பின்தெருவில் ஒரு தச்சுப்பட்டறை. அப்பா நேரே உள்ளே போய்விட்டார். எனக்கிருந்த கொஞ்ச ஸ்பானியத்தில், இவர் தச்சர், சப்போட்டா மரத்தைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றேன். பட்டறைக்காரர் வேலையை நிறுத்தி, மூலையிலிருந்து கையகலத் துண்டு ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். செம்மண் நிறம். அப்பா கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார், தடம் விழவில்லை. முகர்ந்தார். எடை பார்த்தார். பிறகு பட்டறைக்காரரைப் பார்த்து, தண்ணீர் என்று சைகை காட்டினார். அவர் உடனே புரிந்துகொண்டு, சிரித்தபடி ஒரு வாளியை நகர்த்தி வைத்தார்.

அப்பா குனிந்து, துண்டை நீரின்மேல் வைத்துக் கையை எடுத்தார். அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது.